அமெரிக்காவில் குயீன்: தீர்ப்பு வராத வழக்கு

1980 பிப்ரவரியில் ‘கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்’ அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ வந்தது. இரண்டு பாட்டும் இடம்பெற்ற ‘த கேம்’ ஆல்பம் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. லண்டனில் உருவான குயீன் இசைக்குழுவுக்கு அமெரிக்காவில் அதற்கு முன்பும் அப்படியோர் ஆண்டு வாய்க்கவில்லை, பின்பும் வாய்க்கவில்லை. 1986-இல் வந்த ‘எ கைண்ட் ஆஃப் மேஜிக்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் 46-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அந்த ஆகஸ்டில் இங்கிலாந்தின் நெப்வொர்த் பூங்காவில் லட்சம் பேருக்கு மேல் கூடி அவர்களைக் கேட்டார்கள். அந்தக் கோடைப் பயணத்தின் ஊர்ப் பட்டியலில் ஓர் அமெரிக்க ஊர்கூட இல்லை.

ஆறு ஆண்டுகளில் என்ன ஆனது என்று குயீன் ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பெண் வேடம் போட்டு நடித்த ஒரு வீடியோதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்பது அதிகம் சொல்லப்படும் பதில். டிஸ்கோ பக்கம் சாய்ந்த ஆல்பத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. ரெக்கார்டு கம்பெனி மாறியதைச் சொல்பவர்கள் உண்டு. பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் மீசையிலிருந்து தொடங்குபவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரையும் பார்த்து எரிச்சலோடு வேறொரு தரப்பு கேட்கும்: எங்கே விழுந்தது குயீன்? அமெரிக்காவில் எந்த விளையாட்டரங்கத்துக்குள் நுழைந்தாலும் அவர்களுடைய பாட்டுத்தானே ஒலிக்கிறது?

ஒவ்வொரு தரப்பிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த வாதம் முடியாமல் நீள்வதற்குக் காரணம், இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் என்று நினைக்கிறேன். நான்கு பேர் கொண்ட ஒரு குழுவின் மவுசு ஒன்று; அவர்கள் போட்ட பாட்டுகளின் ஆயுள் வேறொன்று. பிரிட்டனில் இவை இரண்டும் சேர்ந்தே நடந்தன. அமெரிக்காவில் 1982 வாக்கில் தனித்தனியே பிரிந்தன. குழு மறைந்தது, பாட்டு பரவியது. இந்தப் பிரிவை விளக்காமல் வீடியோவையும் மீசையையும் பற்றி மட்டும் பேசினால் பாதி வழக்கைத்தான் நடத்துகிறோம்.

முதலில் ஏற்றத்தைப் பார்க்கலாம். அது சுலபமாக வரவில்லை. 1974 ஏப்ரலில் ‘மாட் த ஹூப்பிள்’ என்ற மற்றொரு பிரிட்டிஷ் குழுவின் கச்சேரிக்கு முன்னால் வாசிக்கும் குழுவாகத்தான் குயீன் அமெரிக்கா போனது. மே மாதம் நியூயார்க்கில் கிதார் கலைஞர் பிரையன் மே மஞ்சள் காமாலையில் விழ, பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அடுத்து வந்த ‘கில்லர் குயீன்’ 12-ஆம் இடம் வரை போய்க் கதவைத் திறந்தது. ‘போஹீமியன் ராப்சடி’ பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு. 5 நிமிடம் 55 விநாடி நீளமும் நடுவில் ஓபராவும் கொண்ட அதை அமெரிக்க வானொலி தொடவே தொடாது என்றார்கள். 1976-இல் அது 9-ஆம் இடத்துக்கு வந்தது. 1977 பிப்ரவரியில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தங்கள் சொந்தப் பெயரில் கச்சேரி. அந்த ஆண்டு இறுதியில் வெளியான ‘வி ஆர் த சாம்பியன்ஸ்’, ‘வி வில் ராக் யூ’ இரண்டும் ஒரே தட்டின் இரு பக்கங்களாக 4-ஆம் இடம் பிடித்தன.

1974 முதல் 1978 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் அவர்கள் அமெரிக்காவைச் சுற்றினார்கள். பிரிட்டனில் வென்றுவிட்டு அங்கே தோற்ற குழுக்களோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். ஸ்லேடு குழுவுக்கு 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஆறு பாடல்கள் முதலிடம் பிடித்தன. அமெரிக்காவில் அந்தப் பத்தாண்டு முழுக்க ஒன்றும் தேறவில்லை. டி. ரெக்ஸுக்கு அமெரிக்காவின் முதல் பத்து இடங்களுக்குள் ஒரே ஒரு பாட்டு. ஸ்டேட்டஸ் குவோவை 1968-இன் ஒற்றைப் பாடலோடு அமெரிக்கா மறந்துவிட்டது. கிங்க்ஸ் குழுவின் கதை இன்னும் பரிதாபம்: அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் அனுமதி மறுத்ததால் 1965 முதல் 1969 வரை, பிரிட்டிஷ் அலை உச்சத்தில் இருந்த காலம் முழுவதும், அந்த நாட்டில் அவர்கள் மேடையேற முடியவில்லை. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் குயீன் தோற்ற குழு அல்ல. ஆனால் லெட் செப்பலின், பிங்க் ஃபிலாய்டு பக்கத்தில் வைத்தால் சற்றுக் குள்ளமாகத் தெரிகிறது. ரசிகர் சண்டையில் பாதி, எந்தக் குழுவைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறோம் என்பதிலேயே முடிந்துவிடும்.

அமெரிக்க விமர்சகர்கள் குயீனைத் தொடக்கத்திலிருந்தே ஏற்கவில்லை. 1978-இல் ‘ஜாஸ்’ ஆல்பம் வந்தபோது ரோலிங் ஸ்டோன் இதழில் டேவ் மார்ஷ் எழுதிய மதிப்புரை, இவர்களை ராக் இசையின் முதல் பாசிசக் குழு என்று சொல்லும் அளவுக்குப் போனது. அவர்களுடைய முழக்கப் பாடல்கள் கேட்பவரை அதட்டி வரிசையில் நிறுத்துகின்றன என்பது அவருடைய எரிச்சல். இந்த வசையை ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆனால் விற்பனையில் விமர்சகர் சொல் எடுபடவே இல்லை. இரண்டே ஆண்டில் ‘த கேம்’ முதலிடத்தில் இருந்தது. ஆகவே சரிவுக்கு விமர்சகர்களைக் காரணம் காட்டுவது செல்லாது.

வானொலியிடம் வருவோம். இந்த வழக்கின் உயிர்நாடி அங்கேதான் என்பது என் கணிப்பு.

பிரிட்டனில் 1970-களில் பாப் இசை கேட்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரே இடம்: பி.பி.சி.யின் ரேடியோ 1. பார்க்க வேண்டுமென்றால் வியாழன் மாலைகளில் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’. ராக், டிஸ்கோ, நையாண்டிப் பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு எல்லாம் ஒரே குழாயில் வரும். ஒரு குழு இந்த மாதம் கிதாரை அலறவிட்டு அடுத்த மாதம் நடனப் பாட்டு போட்டாலும் அதே வானொலி, அதே நேயர்கள். குயீன் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த குழு. ஓர் ஆல்பத்துக்குள்ளேயே ஓபரா, ராக்கபில்லி, பழைய அரங்கப் பாடல், ஹெவி மெட்டல் என்று தாவுவது அவர்கள் வழக்கம்.

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான ஒற்றை வானொலி கிடையாது. ஆயிரக்கணக்கான நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகம். ராக் ஆல்பங்கள் மட்டும் ஒலிக்கும் பண்பலை, நாற்பது ஹிட் பாடல்களைச் சுற்றிச் சுற்றிப் போடும் நிலையம், கறுப்பின மக்களுக்கான நிலையம், கன்ட்ரி நிலையம். எந்த நிலையம் எதைப் போட வேண்டும் என்று ஆலோசனை சொல்வதற்கே 1970-களின் இறுதியில் தனித் தொழில் வளர்ந்துவிட்டது. விளம்பரம் கொடுப்பவர் கேட்பது ஒன்றுதான்: உன் நேயர் யார்? அந்த நேயர் முகம் சுளிக்கும் எதையும் போடாமல் இருப்பதே நிலையத்தின் பிழைப்பு. குயீனை அமெரிக்காவில் தூக்கி நிறுத்தியவை ராக் பண்பலைகள். சிந்தசைசர் பயன்படுத்தவில்லை என்று ஆல்ப உறையிலேயே அச்சிட்டுப் பெருமைப்பட்ட குழு என்பதால், கிதாரை வழிபடும் நேயர்களுக்கு அவர்கள் நம்மவர்களாக இருந்தார்கள்.

அதே காலத்தில் டிஸ்கோ மீதான வெறுப்பும் ராக் வானொலியில் கொதித்துக்கொண்டிருந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பூங்காவில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, ஸ்டீவ் டால் என்ற ராக் வானொலி அறிவிப்பாளர் டிஸ்கோ இசைத்தட்டுகளை ஒரு பெட்டியில் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டத்தை நடத்த முடியவில்லை. டிஸ்கோவைக் கேட்டு வளர்த்தவர்கள் கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், தன்பாலீர்ப்பாளர்கள். அந்தத் தட்டுகளின்மீது காட்டிய கோபம் இசையைப் பற்றியது மட்டும்தானா என்று பிறகு பலர் எழுதினார்கள், எழுத வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட நாட்டில், மறு ஆண்டே, ஒரு ராக் குழு ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ போடுகிறது. அதை எழுதிய பேஸ் கிதார் கலைஞர் ஜான் டீக்கன், ஷிக் குழுவின் டிஸ்கோ தாளத்தில் ஊறியவர். அதைத் தனிப் பாடலாக வெளியிடச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன் என்பதை குயீன் உறுப்பினர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். கறுப்பின வானொலிகள் அதை வாரி அணைத்தன. சோல் இசைப் பட்டியலில் 2-ஆம் இடம். பாடுபவர்கள் கறுப்பினத்தவர் என்றே சில நேயர்கள் நினைத்தார்களாம். பிரிட்டனில் அதே பாட்டு 7-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ‘அமெரிக்காவுக்கு குயீனைப் புரியவில்லை’ என்று சொல்பவர்கள் இந்த ஒரு தகவலைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர்களுடைய மிகத் துணிச்சலான பாட்டை பிரிட்டனைவிட அமெரிக்காதான் கொண்டாடியது.

கொண்டாடியவர்கள் யார் என்பதில்தான் சிக்கல். பழைய ராக் நேயர் ஒரு பக்கம், புது நேயர் மறு பக்கம். 1982 மே மாதம் வந்த ‘ஹாட் ஸ்பேஸ்’ ஆல்பம் இந்தப் புது நேயரை நம்பிப் போடப்பட்டது. முதல் பக்கம் முழுக்க ஃபங்க், நடனத் தாளம். கிதார் ஓரத்துக்குப் போய்விட்டது. ராக் பண்பலைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. கறுப்பின வானொலிக்கோ குயீன் ஒரு பாட்டு கொடுத்த விருந்தாளிதான். அடுத்ததும் பிடித்தால் போடும், இல்லையென்றால் விடும். ‘பாடி லாங்க்வேஜ்’ 11-ஆம் இடம் வரை போனது. இதுவும் பிரிட்டனில் கிடைத்த 25-ஐவிட மேலான இடம்தான். ஆனால் ஆல்பம் 22-இல் நின்றது. ‘த கேம்’ அமெரிக்காவில் நாற்பது லட்சம் பிரதிக்கான சான்று பெற்றது. ‘ஹாட் ஸ்பேஸ்’ ஐந்து லட்சத்துக்கான தங்கத் தட்டோடு நின்றது. சரிவு தொடங்கிய ஆண்டு 1982. அதற்குக் காரணம் என்று சொல்லப்படும் வீடியோ அப்போது எடுக்கப்படவே இல்லை.

மீசைக் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். 1980-இல் ஃப்ரெடி நீள முடியை வெட்டி மீசை வைத்துக்கொண்டு மேடையேறியபோது அமெரிக்க ரசிகர்கள் சவரக் கத்திகளை மேடையில் வீசினார்கள் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் செய்தி. அந்தக் கத்திகள் விழுந்துகொண்டிருந்த மாதங்களில்தான் ‘த கேம்’ முதலிடத்தை நோக்கி ஏறியது. மீசை பிடிக்காதவர்கள் இருந்தார்கள். அவர்களும் தட்டு வாங்கினார்கள்.

இனி அந்த வீடியோ. 1984-இல் வந்த ‘ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ’. டேவிட் மாலெட் இயக்கியது. நான்கு பேரும் பெண் வேடத்தில்; ஃப்ரெடி மீசையோடும் தோல் பாவாடையோடும் வீட்டைத் துப்புரவு செய்கிறார். பிரிட்டனில் 1960-லிருந்து ஓடிவரும் ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சித் தொடரின் நையாண்டி அது. அங்கே எல்லோரும் சிரித்தார்கள், பாட்டு 3-ஆம் இடத்துக்குப் போனது. அந்தத் தொடரையே பார்த்திராத அமெரிக்காவில் நகைச்சுவையின் சாவி இல்லை. இசை வீடியோ சேனலான எம்.டி.வி. அதை ஒளிபரப்பவில்லை. பாட்டு 45-இல் நின்றது. அமெரிக்க நடுப்பகுதி ஊர்களில் அந்த வீடியோவைக் காட்டியபோது வானொலிக்காரர்களின் முகம் வெளிறியதைப் பிரையன் மே பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். குயீனைப் பற்றி 2018-இல் வந்த திரைப்படமும் இந்தக் கதையையே எடுத்துக்கொண்டது.

கதை சுவையானது. வில்லன் இருக்கிறான், பலி இருக்கிறது, வேடிக்கையும் இருக்கிறது. ஆனால் அதே மாதங்களில் எம்.டி.வி.யில் வேறு யார் தெரிந்தார்கள் என்று பார்த்தால் கதை தள்ளாடுகிறது. 1984 பிப்ரவரியில் அமெரிக்காவின் முதலிடப் பாடல் கல்ச்சர் கிளப் குழுவின் ‘கர்மா கமீலியன்’. அதன் பாடகர் பாய் ஜார்ஜ் பின்னலும் முகப்பூச்சுமாக நாடெங்கும் தெரிந்த முகம். ஐந்து மாதம் முன்பு, ஆண்களின் கோட்டும் ஒட்ட வெட்டிய முடியுமாக ஆனி லெனாக்ஸ் பாடிய ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ முதலிடத்தில் இருந்தது. டஸ்டின் ஹாஃப்மன் சேலை கட்டாத குறையாக நடித்த ‘டூட்சி’யை அமெரிக்கக் குடும்பங்கள் வரிசையில் நின்று பார்த்திருந்தன. வேடம் போடுவது மட்டும் பாவமாக இருக்கவில்லை.

பாய் ஜார்ஜ் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் வந்தார். அவரை விரும்பியவர்கள் அதை ஏற்றே விரும்பினார்கள். குயீனின் அமெரிக்க நேயர் ராக் பண்பலையில் வளர்ந்த இளைஞர். அவருடைய அணியைச் சேர்ந்தவர்கள் திடீரென்று எதிரணியின் சட்டையோடு வந்தால் ஏற்படும் கோபம் வேறு வகை. அதில் தன்பாலீர்ப்பின் மீதான வெறுப்பும் பயமும் கலந்திருந்தன. எய்ட்ஸ் பற்றிய திகில் பரவத் தொடங்கிய ஆண்டுகள் அவை. இதை மறுக்க வேண்டியதில்லை. என் வாதம், அந்த வெறுப்பு ஏற்கெனவே விரிசல் விட்ட சுவரில்தான் இறங்கியது என்பது மட்டுமே. அமெரிக்கர்கள் மட்டும்தான் குறுகிய மனம் படைத்தவர்கள் என்ற பெருமிதமும் பிரிட்டிஷ் ரசிகர்களுக்கு வேண்டாம். 1985 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் ஃப்ரெடி அதே பாட்டுக்குப் பொய் மார்பகங்களோடு வந்தபோது கூட்டத்தில் ஒரு பகுதி கத்தி எதிர்த்தது. விடுதலைப் பாட்டாக அதை எடுத்துக்கொண்டிருந்த ஊர் அது.

இதில் ஒரு முரண் உண்டு. பாட்டு விற்க வீடியோ எப்படி உதவும் என்று உலகுக்குக் காட்டியதே 1975-இல் புரூஸ் கோவர்ஸ் இயக்கிய ‘போஹீமியன் ராப்சடி’ படத்துணுக்குதான். 1981 ஆகஸ்டில் எம்.டி.வி. தொடங்கியபோது அதற்கு வீடியோ கொடுக்க அமெரிக்கக் குழுக்களிடம் கைவசம் அதிகம் இல்லை. பிரிட்டிஷ் குழுக்களிடம் இருந்தது. டுரான் டுரானும் கல்ச்சர் கிளப்பும் யூரித்மிக்ஸும் அந்த வழியாகத்தான் நுழைந்தார்கள். வழியைப் போட்டவர்கள் வெளியே நின்றார்கள்.

கம்பெனி மாறிய கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எலெக்ட்ராவை விட்டு 1983-இல் கேபிடலுக்குப் போனார்கள். 1984 தொடக்கத்தில் ‘ரேடியோ கா கா’ ஏறிக்கொண்டிருந்தபோது, வானொலிகளிடம் பாட்டைக் கொண்டுபோகும் சுயேச்சைத் தரகர்களோடு கேபிடல் தகராறு செய்ததால் பாட்டு 16-ஆம் இடத்தில் படுத்துவிட்டது என்பது மேயின் கூற்று. அந்தத் தரகர் கூட்டத்தின் ஆட்டங்களை ஃப்ரெட்ரிக் டேனன் ‘ஹிட் மென்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ரெக்கார்டு கம்பெனிகள் மொத்தமாக அவர்களைக் கைகழுவியது 1986-இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே குயீன் மாட்டிக்கொண்டது என்றால் அது கேபிடலின் தனிச் சண்டையாகத்தான் இருக்க வேண்டும். ஃப்ரெடியின் தனி மேலாளர் ஒருவர் அமெரிக்க வானொலிக்காரர்களை உதாசீனப்படுத்தித் துரத்தினார் என்றும் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். வானொலி மங்கிப்போவதைப் பற்றிய பாட்டு வானொலியாலேயே மங்கியது வேடிக்கைதான். ஆனால் வேண்டிய நேயர் இருந்தால் எந்தத் தரகரும் எந்த மேலாளரும் ஒரு பாட்டை நெடுநாள் தடுக்க முடியாது.

இந்தக் காரணங்கள் எல்லாவற்றையும்விட எனக்குக் கனமாகத் தெரிவது, ரசிகர்கள் சொல்லத் தயங்கும் ஒன்று: குயீன் அமெரிக்காவுக்குப் போவதை நிறுத்தியது. 1982 செப்டம்பர் 14, 15 தேதிகளில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலுள்ள ஃபோரம் அரங்கில் பாடினார்கள். 25-ஆம் தேதி ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இரண்டு பாட்டு. ஃப்ரெடி அமெரிக்காவில் குழுவோடு பாடியது அதோடு முடிந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் ஐரோப்பா, பிரேசில், ஜப்பான், ஆஸ்திரேலியா, கடும் கண்டனத்துக்கு நடுவே தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி, ஹங்கேரி என்று எங்கெல்லாமோ போனார்கள். முன்பு நிரப்பிய அரங்கைவிடச் சின்ன அரங்கில் ஏற ஃப்ரெடிக்கு மனம் இல்லை, பெரிய ஹிட் ஒன்று வந்ததும் போகலாம் என்றார் என்பது மே சொன்ன காரணம். ஹிட் வரப் பயணம் வேண்டும். பயணத்துக்கு ஹிட் வேண்டும் என்று காத்திருந்தார்கள். 1974-இல் யாரோ ஒரு குழுவுக்கு முன்னால் வாசித்து மேலேறியவர்கள், 1984-இல் ஒரு படி இறங்க மறுத்தார்கள். அதில் மானம் இருக்கிறது, வியாபாரம் இல்லை.

1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளியில் நடந்த லைவ் எய்டு நிதி திரட்டும் கச்சேரியில் அவர்கள் பாடிய 21 நிமிடங்கள் பிரிட்டனில் குயீனுக்கு மறுபிறப்பு. கிழக்கு அமெரிக்காவில் அப்போது சனிக்கிழமை பிற்பகல் 1.41. நிகழ்ச்சி அங்கேயும் ஒளிபரப்பானது. ஆனால் அந்த ஆண்டு இறுதியில் வந்த ‘ஒன் விஷன்’ பிரிட்டனில் 7, அமெரிக்காவில் 61. பார்த்தவர் நேரில் போய்க் கேட்க எந்த ஊரிலும் கச்சேரி இல்லை.

குழு இப்படி மறைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் பாட்டுகள் என்ன செய்தன? இதுதான் எனக்கு இந்த வழக்கின் மிகச் சுவையான பகுதி. 1981-இல் நியூயார்க்கில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இரண்டு மூன்று இசைத்தட்டுச் சுழலிகளை வைத்து உருவாக்கிய ‘வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ ஹிப்-ஹாப் வரலாற்றின் அடிக்கல் பதிவுகளில் ஒன்று. அதில் ஷிக்கின் ‘குட் டைம்ஸ்’ பக்கத்திலேயே ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ ஓடுகிறது. ஷிக்கிடம் கற்ற தாளம் ஷிக்கின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்த அழகு அது. டேவிட் போவியோடு சேர்ந்து பாடிய ‘அண்டர் பிரஷர்’ பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 29. ஒன்பது ஆண்டு கழித்து அதன் பேஸ் ஒலியை எடுத்துப் போட்டுக்கொண்டு வனில்லா ஐஸ் பாடிய ‘ஐஸ் ஐஸ் பேபி’ அமெரிக்காவில் முதலிடம். மெட்டாலிகா குழு ‘ஸ்டோன் கோல்டு கிரேஸி’யைப் பாடி 1991-இல் கிராமி வாங்கியது. போட்டியில் வென்ற கிராமி ஒன்றுகூட குயீன் வீட்டில் இல்லை. 2018-இல் கொடுத்த வாழ்நாள் விருதுதான் உண்டு.

விளையாட்டரங்கம் தனி உலகம். 1977-இல் ஸ்டாஃபோர்டின் பிங்லி ஹாலில் கச்சேரி முடிந்தும் போகாமல் கூட்டமே சேர்ந்து பாடியதைக் கேட்டு, கூட்டம் செய்யக்கூடியது என்ன என்று யோசித்து, இரண்டு மிதியும் ஒரு கைதட்டுமாக ‘வி வில் ராக் யூ’வை மே உருவாக்கினார். அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் அரங்குகளுக்கு இதைவிடத் தோதான பொருள் வேறு கிடையாது. நுழைவுச்சீட்டு வாங்கி வந்த அறுபதாயிரம் பேரும் வாத்தியக்காரர்கள். அதைத் தட்டும் சிறுவனுக்கு அதை யார் போட்டார்கள் என்று தெரிய வேண்டிய தேவையே இல்லை. டேவ் மார்ஷ் எரிச்சலோடு சுட்டிய அதே குணம், கூட்டத்தை ஒரே உடம்பாக்கும் குணம், அந்தப் பாட்டுகளை அங்கே காப்பாற்றியது. பாட்டு பொதுச் சொத்தானது. பொதுச் சொத்துக்குப் பட்டா யார் பெயரில் என்று யாரும் கேட்பதில்லை.

ஃப்ரெடி 1991 நவம்பர் 24 அன்று காலமானார். மூன்று மாதம் கழித்து ‘வேய்ன்ஸ் வேர்ல்டு’ படம் வந்தது. காரில் போகும் இளைஞர்கள் ‘போஹீமியன் ராப்சடி’யைப் போட்டுவிட்டுத் தலையை ஆட்டும் காட்சி; வேறு பாட்டு போடலாம் என்று ஸ்டுடியோ சொன்னபோது நடிகர் மைக் மையர்ஸ் பிடிவாதம் பிடித்து வைத்தது. 1976-இல் 9-ஆம் இடம் பிடித்த பாட்டு 1992-இல் 2-ஆம் இடத்துக்கு வந்தது. டிஸ்னியின் ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் 1990-இலேயே வட அமெரிக்க உரிமையை வாங்கியிருந்தது. ‘கிளாசிக் குயீன்’ தொகுப்பு 4-ஆம் இடம் போனது. இன்று ஐம்பதை நெருங்கும் அமெரிக்க ரசிகர் பலருக்கு குயீன் என்றால் இந்தக் கார்க் காட்சிதான் வாசல். பழைய ரசிகர்களுக்கு இதில் கொஞ்சம் கசப்பு. ஒரு நகைச்சுவைப் படத்தால் வந்த மரியாதை என்ன மரியாதை என்பார்கள். எனக்கு அந்தக் கசப்பு புரியவில்லை. காரில் நண்பர்களோடு உரக்கப் பாடுவதைவிட அந்தப் பாட்டுக்கு உகந்த இடம் எது?

பாட்டு மீண்டதும் குழுவும் மீண்டுவிட்டதா என்றால், இல்லை. 2001-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். வரவேற்றுப் பேசியவர்கள் ஃபூ ஃபைட்டர்ஸின் டேவ் க்ரோலும் டெய்லர் ஹாக்கின்ஸும். ‘வி வில் ராக் யூ’ இசை நாடகம் லண்டனில் பன்னிரண்டு ஆண்டு ஓடியது. லாஸ் வேகஸில் ஓராண்டுக்குச் சற்று மேல் தாங்கியது. 2006-இல் மேயும் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லரும் பால் ராட்ஜர்ஸைப் பாடகராக வைத்து அமெரிக்காவைச் சுற்றியபோது பல அரங்குகளில் இருக்கைகள் காலி. ராட்ஜர்ஸ் அமெரிக்க ராக் வானொலிக்கு நன்கு தெரிந்த குரல். ஆனால் அந்த நேயர் குயீனுக்காக இருபத்து நான்கு ஆண்டு காத்திருக்கவில்லை.

2014-இல் அதே இரண்டு பேர் ஆடம் லாம்பர்ட்டோடு வந்தபோது மேடிசன் ஸ்கொயர் கார்டனும் ஃபோரமும் மறுபடி நிரம்பின. லாம்பர்ட் 2009-இல் ‘அமெரிக்கன் ஐடல்’ போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவர். நேர்முகத் தேர்வில் அவர் பாடியதே ‘போஹீமியன் ராப்சடி’. தன்பாலீர்ப்பை மறைக்காதவர், மினுமினுப்பும் முகப்பூச்சும் கூச்சமில்லாமல் அணிபவர். 1984-இன் வீடியோ விரட்டிய நேயரை இவர் மேடை இழுத்து வந்ததா என்றால், வந்தது வேறு நேயர். ஐடல் பார்த்து வளர்ந்தவர்கள், பள்ளி விளையாட்டு மைதானத்தில் அந்த மிதியையும் தட்டையும் கற்றவர்கள், அவர்களுடைய பெற்றோர். லாம்பர்ட்டை குயீன் என்று ஏற்கலாமா என்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ரசிகர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். ஃப்ரெடி இல்லாமல் குயீன் இல்லை என்பவர்களுக்கு ஜான் டீக்கனின் மௌனம் ஆதாரம். அவர் 1990-களின் இறுதியிலேயே இசையிலிருந்து விலகிவிட்டார்.

பிறகு அந்தத் திரைப்படம். 2018-இல் வந்த ‘போஹீமியன் ராப்சடி’ உலகெங்கும் 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நான்கு ஆஸ்கர், அதில் ஒன்று ஃப்ரெடியாக நடித்த ராமி மாலெக்குக்கு. பாட்டு மூன்றாம் முறையாகப் பட்டியலுக்குள் வந்தது. ‘அமெரிக்கா திரும்பக் கிடைத்தது’ என்று கொண்டாடுபவர்கள் வசூல் கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம்: அமெரிக்கா, கனடா சேர்ந்து ஏறத்தாழ 21.6 கோடி. மொத்தத்தில் கால் பங்குக்கும் குறைவு. ஓர் அமெரிக்க ஸ்டுடியோவின் படம், அமெரிக்க நாயகன், அமெரிக்க விருது. பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெளியிலிருந்து வந்தது. 1982-க்குப் பின் உலகம் எங்கே இருந்தது, அமெரிக்கா எங்கே இருந்தது என்ற பழைய கணக்கு இதிலும் தெரிகிறது. ஆனால் 21.6 கோடி டாலர் என்பது மறந்துபோன குழுவுக்கு வரும் தொகையும் அல்ல. இரண்டு தரப்பும் இதே எண்ணைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்கிறார்கள்.

குழுவின் பாடல் உரிமைகளைச் சோனி நிறுவனம் சுமார் 100 கோடி பவுண்டுக்கு வாங்குகிறது என்று 2024-இல் செய்தி வந்தது. ஓர் இசைக்குழுவின் பாட்டுச் சொத்துக்குக் கேள்விப்படாத விலை. அந்தப் பேரத்திலும் அமெரிக்கா தனியாகத்தான் நிற்கிறது. அங்கேயும் கனடாவிலும் குயீனின் ஒலிப்பதிவு உரிமை டிஸ்னியிடமே தங்குகிறது. யாருமே கேட்காத காலத்தில், 1990-இல், ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் வாங்கிப்போட்டது.